அந்தக் காசோலை என்ன வேலை செய்கிறது?

கேள்வி: அம்மா, நான் அரசுக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மார்ட்டின் லூதர் கிங்கின் ‘எனக்கொரு கனவு உண்டு’ உரையில் உள்ள அணிகளை ஆராய்ந்து கட்டுரை எழுதச் சொன்னார்கள். உருவகம், உவமை, திரும்பத் திரும்ப வரும் தொடர் என்று எல்லாவற்றையும் தேடி எடுத்து, அட்டவணை போட்டு, ஒவ்வொன்றுக்கும் இலக்கணமும் எழுதிக் கொடுத்தேன். ‘இது பட்டியல். ஆய்வு எங்கே?’ என்று ஒரே வரி எழுதித் திருப்பித் தந்துவிட்டார்கள். என்ன குறை என்று எனக்குப் புரியவில்லை. இன்னும் இரண்டு சந்தேகங்கள். ஒரே உரையில் நெருப்பு, தீவு, காசோலை, புதைமணல், பள்ளத்தாக்கு என்று உருவகம் தாவிக்கொண்டே இருக்கிறது. அது குறை என்றுதானே படித்தோம்? அடுத்து, கனவுப் பகுதியை அவர் எழுதி வைத்துப் பேசவில்லை என்று தோழி சொல்கிறாள். அப்படியென்றால் வாய்க்கு வந்ததில் போய் அணி தேடுவது சரியா? மறுபடி எழுதித் தர இரண்டு வாரம் இருக்கிறது.
– பெயர் வெளியிட வேண்டாம், திருநெல்வேலி மாவட்டம்

அன்புள்ள மாணவிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய கட்டுரையையும் படித்தேன். அணிகளை இனம் கண்டதில் பிழை இல்லை. உருவகத்தை உவமை என்று எங்கும் குழப்பவில்லை. ஆனால் வேலை தொடங்க வேண்டிய இடத்தில் கட்டுரையை முடித்துவிட்டீர்கள். ‘நீதியின் வங்கி: உருவகம்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறீர்கள். அந்த உருவகம் அங்கே ஏன் வந்தது, யாரை நோக்கி வந்தது, அதை எடுத்துவிட்டால் வாதத்தில் எது சரியும் என்ற கேள்விகளுக்கு அட்டவணையில் இடமே இல்லை. உங்கள் ஆசிரியர் கேட்பது அதைத்தான்.

அணி என்பது பேச்சுக்குப் பூட்டிய நகை என்ற எண்ணம் நம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. அந்தப் பெயரே அப்படி நினைக்க வைக்கிறது. அந்த எண்ணத்தை விட அதே மேடையில் நடந்த ஒரு சம்பவம் உதவும்.

1963 ஆகஸ்ட் 28, புதன்கிழமை. ‘வேலைக்கும் விடுதலைக்குமான வாஷிங்டன் பேரணி’க்கு ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் திரண்டிருந்தார்கள். கிங்குக்கு முன்னால் பேச வேண்டியவர்களில் ஒருவர் ஜான் லூயிஸ், 23 வயது மாணவர் தலைவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் தெற்கே படை நடத்திப் போனதுபோல நாங்களும் தெற்கின் நடுமார்பு வழியாக நடப்போம், நிறவெறியை எரித்துத் தரைமட்டமாக்குவோம், ஆனால் வன்முறையில்லாமல் என்று அவருடைய வரைவில் இருந்தது. 1864இல் ஷெர்மனின் படை ஜார்ஜியாவைச் சுட்டெரித்துக்கொண்டு போனதை தெற்கத்தி வெள்ளையர்கள் நூறாண்டு ஆகியும் மறக்கவில்லை. வாஷிங்டன் பேராயர் பாட்ரிக் ஓபாயில், இதுபோன்ற கடுமையான வரிகள் இருந்தால் மேடைக்கு வர மாட்டேன் என்றார். லிங்கன் நினைவகத்துக்குள் கடைசி நேரம் வரை பேச்சுவார்த்தை. பேரணிக்கு மூலவரான ஏ. பிலிப் ராண்டால்ஃப், அப்போது 74 வயது, நேரில் கேட்டுக்கொண்ட பிறகுதான் லூயிஸ் அந்த வரிகளை எடுத்தார்.

‘வன்முறையில்லாமல்’ என்று அந்த வாக்கியத்திலேயே இருந்தது. இருந்தும் பயனில்லை. ஷெர்மன் என்ற ஒற்றை உவமை அந்தச் சொல்லை விழுங்கிவிட்டது. ஓர் உவமையும் சேர்ந்து ஒரு பேரணியையே முறிக்கப் பார்த்தது என்றால், அணி செய்கிற வேலை எவ்வளவு கனமானது என்று பாருங்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கிங்கிடம் வாருங்கள்.

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன காசோலையை எடுத்துக்கொள்வோம். என் கணிப்பில் உரையின் முதுகெலும்பே அதுதான். கனவுப் பகுதியின் புகழ் அதை மறைத்துவிட்டது.

கிங் சொல்வதன் சாரம் இது. குடியரசை அமைத்தவர்கள் அரசியலமைப்பையும் சுதந்திரப் பிரகடனத்தையும் எழுதியபோது ஒரு புரோநோட்டில் கையெழுத்திட்டார்கள். ஒவ்வொரு அமெரிக்கனும் அதற்கு வாரிசு. கறுப்பின மக்கள் விஷயத்தில் அமெரிக்கா அந்தக் கடனைக் கட்டத் தவறிவிட்டது. கொடுத்த காசோலை ‘போதிய பணம் இல்லை’ என்று திரும்பி வந்தது. ஆனால் நீதியின் வங்கி திவாலாகிவிட்டது என்று நம்ப மறுக்கிறோம். அதனால் காசோலையை மாற்ற வந்திருக்கிறோம்.

இதற்குள் நடப்பதைக் கவனியுங்கள். உரிமை கேட்டு வருகிறவனை உலகம் எப்போதும் கையேந்துகிறவனாகவே பார்க்கும். கடன் என்ற உருவகம் அந்த நிலையைத் தலைகீழாக்குகிறது. இப்போது வந்து நிற்பவன் கடன் கொடுத்தவன். வெட்கப்பட வேண்டியவன் கடன்பட்டவன். ‘எங்களுக்குச் சமஉரிமை தாருங்கள்’ என்று நேராகக் கேட்டிருந்தால் அது கோரிக்கை. காசோலையை நீட்டினால் அது கணக்கு.

காசோலை போலி என்று கிங் சொல்லவில்லை என்பதும் முக்கியம். தாள் செல்லும், கையெழுத்து அசல். அதாவது அமெரிக்காவின் மூல ஆவணங்களை அவர் தாக்கவில்லை, அவற்றின் பேரில் வசூலிக்க வந்திருக்கிறார். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த நடுநிலை வெள்ளையரால் இதை மறுக்க முடியாது. மறுத்தால் தங்கள் முன்னோரின் கையெழுத்தையே மறுத்ததாகும். அதே சமயம் கூட்டத்தில் நின்ற கறுப்பினத் தொழிலாளிக்குப் பணம் திரும்பி வரும் அவமானம் பழக்கமானது. இரண்டு தரப்புக்கும் ஒரே படம், ஒவ்வொருவருக்கும் வேறு வலி.

பேரணியின் பெயரில் ‘வேலை’தான் முதலில் வருகிறது. மணிக்கு 2 டாலர் குறைந்தபட்சக் கூலி அதன் கோரிக்கைகளில் ஒன்று. பணத்தைப் பற்றிப் பேச வந்த கூட்டத்துக்கு முன்னால் பணத்தின் மொழியில் பேசுகிறார். வரைவு எழுத உதவிய வழக்கறிஞர் கிளாரன்ஸ் ஜோன்ஸ் பிற்காலத்தில் இன்னொரு பின்னணியும் சொன்னார். அந்த ஆண்டு அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் நடந்த நிறவெறி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர்களை ஜாமீனில் எடுக்க நியூயார்க்கில் செல்வந்தர் ராக்ஃபெல்லரிடமிருந்து ஒரு லட்சம் டாலர் வாங்கியபோது, தானே ஒரு புரோநோட்டில் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததாம்.

உருவகம் முடியும் இடத்தையும் பாருங்கள். கேட்டவுடன் பணம் தர வேண்டிய காசோலை என்கிறார். அடுத்த வாக்கியமே ‘இப்போது’ என்பதன் அவசரத்தை அமெரிக்காவுக்கு நினைவூட்ட வந்திருக்கிறோம் என்பது. அதைத் தொடர்ந்து ‘இதுவே நேரம்’ என்று நான்கு முறை. கொஞ்சம் பொறுங்கள், படிப்படியாக வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பதில். கேட்டவுடன் தர வேண்டிய காசோலைக்குத் தவணை கேட்க முடியாது. இதுவே நேரம் என்ற முழக்கத்துக்கு நியாயத்தைக் காசோலை முன்கூட்டியே தயார் செய்து வைத்துவிட்டது. உங்கள் அட்டவணையில் காசோலை ஒரு கட்டத்திலும் ‘இதுவே நேரம்’ வேறொரு கட்டத்திலும் இருக்கின்றன. உரையில் அவை பிரிக்க முடியாத ஒரே வாதம்.

குறளில் ஏகதேச உருவகம் படித்திருப்பீர்கள். பிறவியைக் கடலாக்கிவிட்டு, இறைவன் அடியைத் தெப்பமாக்காமல் விடுவது. அப்படி விட்ட இடத்தை நிரப்புவது வாசகனின் பங்கு. அந்தக் கண்ணோடு பார்த்தால் கிங்கின் காசோலையிலும் விடுபட்ட இடம் ஒன்று உண்டு. வங்கி கடைசிவரை பணம் தராவிட்டால்? அதை வங்கிக்குள் வைத்து அவர் சொல்லவில்லை. சற்றுத் தள்ளி, கிளர்ச்சியின் சூறாவளி நாட்டின் அடித்தளத்தை உலுக்கும் என்று இயற்கையின் மொழிக்கு மாறிச் சொல்கிறார். கடன்காரன் மிரட்டினால் அது அச்சுறுத்தல். சூறாவளி வரும் என்றால் அது எச்சரிக்கை. உடனே தன் மக்கள் பக்கம் திரும்பி, கசப்பும் வெறுப்பும் நிறைந்த கோப்பையிலிருந்து குடிக்காதீர்கள் என்கிறார். லூயிஸின் வரைவில் சரிந்த இடத்தை, கிங் உருவகத்தை மாற்றிக் கடக்கிறார்.

இங்கேதான் உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கும் வழி பிறக்கிறது. ஒரே வாக்கியத்துக்குள் ஒன்றோடொன்று மோதும் உருவகங்களைக் குறை என்பது சரி. ஒரு நீண்ட உரை முழுதும் ஒரே உருவகம்தான் இருக்க வேண்டும் என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை. தாவல்போலத் தெரிவதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில இழைகள் தெரியும்.

முதல் இழை வெப்பமும் நீரும். தொடக்கத்திலேயே அடிமைகள் அநீதியின் தீயில் வாடியவர்கள். பிறகு நியாயமான அதிருப்தியின் புழுக்கமான கோடை. ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்ட் நாடகம் ‘அதிருப்தியின் குளிர்கால’த்தோடு தொடங்குவது உங்களுக்குப் பாடமாக இருந்திருக்கும். அதைக் கிங் கோடையாக்குகிறார். காரணம், அந்தக் கோடைதான் நாடு முழுவதும் போராட்டங்கள் வெடித்த 1963. பேரணிக்கு வந்தவர்கள் நினைவகத்தின் முன்னுள்ள நீண்ட குளத்தில் காலை நனைத்துக்கொண்டிருந்த புகைப்படங்கள் உண்டு. அவர்களிடம் புழுக்கத்தைப் பற்றிப் பேச விளக்கம் தேவையில்லை. அதன்பின் விடுதலைத் தாகம், கசப்பின் கோப்பை. அதற்குப் பிறகு பைபிளில் வரும் ஆமோஸ் தீர்க்கதரிசியின் வரி: நீதி தண்ணீரைப் போலவும், நேர்மை பேராற்றைப் போலவும் புரண்டு வரும்வரை எங்களுக்குத் திருப்தி இல்லை. கடைசியில் கனவுப் பகுதியில், ஒடுக்குமுறையின் வெப்பத்தில் புழுங்கும் மிசிசிப்பி, விடுதலையும் நீதியும் நிறைந்த பாலைவனச் சோலையாகிறது. தீயில் தொடங்கியது சோலையில் சேர்கிறது.

அதே ஆண்டு மே மாதம் பர்மிங்ஹாமில் ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மேல் தீயணைப்புக் குழாய்களால் நீரைப் பீய்ச்சினார்கள். ஆமோஸின் வரி காதில் விழுந்தபோது அந்தப் படங்கள் பலருக்கு மனத்தில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றே நீங்களும் எழுதுங்கள். கேட்டவர் மனத்தில் ஓடியதைச் சான்று இல்லாமல் உறுதியாகச் சொல்லக் கூடாது.

இரண்டாவது இழை பள்ளமும் மேடும். பிரிவினையின் இருண்ட பள்ளத்தாக்கிலிருந்து வெயில் படும் பாதைக்கு, புதைமணலிலிருந்து பாறைக்கு. பிறகு ‘விரக்தியின் பள்ளத்தாக்கில் புரள வேண்டாம்’. பின்னர் பைபிளின் இன்னொரு தீர்க்கதரிசி ஏசாயாவின் வார்த்தை, பள்ளமெல்லாம் உயர்த்தப்படும், மலையெல்லாம் தாழ்த்தப்படும். அதையடுத்து விரக்தியின் மலையிலிருந்து நம்பிக்கையின் கல்லை வெட்டி எடுப்போம் என்கிறார். முடிவில் நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து கலிஃபோர்னியா வரை மலை மலையாக விடுதலை ஒலிக்கட்டும். அந்த மலைப் பட்டியல் வெறும் புவியியல் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். முதலில் வருபவை வடக்கிலும் மேற்கிலும் உள்ள மலைகள். பிறகு ‘அது மட்டுமல்ல’ என்று திரும்புகிறார். ஜார்ஜியாவின் ஸ்டோன் மௌன்டன். 1915இல் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு மறுபிறவி எடுத்த இடம் அந்த மலை உச்சி. டென்னஸியின் லுக்அவுட் மௌன்டன், சரியாக நூறாண்டுக்கு முன் உள்நாட்டுப் போர் நடந்த மலை. கடைசியாக மிசிசிப்பியின் ஒவ்வொரு குன்றும், எலி தோண்டிய மண்மேடும். பெயர்களைச் சொல்லியே அவர் எதிரியின் கோட்டைக்குள் நடந்து போய்விடுகிறார். வெறுப்புச் சொல் ஒன்றுகூட இல்லை.

இவ்வளவு அணி பேசுகிற நான், அணி அதிகம் இல்லாத ஒரு பத்தியையும் எழுதச் சொல்வேன். ‘எப்போதுதான் திருப்தி அடைவீர்கள்?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் பத்தி அது. உங்கள் கட்டுரையில் அந்தத் தொடர் திரும்ப வருவதை மட்டும் குறித்திருக்கிறீர்கள். அங்கே என்ன சொல்கிறார் என்று பாருங்கள். நெடும்பயணத்தில் அலுத்த உடம்புக்கு நெடுஞ்சாலை விடுதியில் அறை கிடைக்காது. ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்ற பலகை பிள்ளைகளின் சுயமரியாதையைப் பறிக்கிறது. மிசிசிப்பியில் கறுப்பினத்தவருக்கு ஓட்டுப்போட வழியில்லை, நியூயார்க்கில் ஓட்டுப்போட ஒரு காரணமும் இல்லை என்று நினைக்கிறார். பெரும்பாலும் வெறும் நடப்பு. கேட்பவர் தன் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். அந்த நடப்புகளின் மேல்தான் ஆமோஸின் பேராறு வந்து விழுகிறது. தரை இவ்வளவு காய்ந்திருக்கவில்லை என்றால் அந்த நீருக்கு அவ்வளவு வேகம் இருந்திருக்காது.

திரும்பச் சொல்வதைப் பற்றிச் சுருக்கமாக. தாளில் படிக்கும்போது அது அலங்காரம். ஒலிப்பதிவில் கேட்டால் வேறு. கிங் அட்லான்டாவில் பாப்டிஸ்ட் போதகர், போதகரின் மகன். அந்தத் திருச்சபையில் போதகர் ஒரு வரி சொன்னால் சபை குரல் கொடுக்கும், ‘ஆமாம்’, ‘சொல்லுங்கள்’ என்று. திரும்ப வரும் தொடர் சபைக்கு இடம்விடுகிறது. எங்கே குரல் கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்கு முன்பே தெரியும். ‘நூறாண்டு கழிந்தும்’ என்று நான்கு முறை வருவது மட்டும் சற்று வேறு சாதி. அங்கே கூட்டம் எழுவதில்லை, கனம் ஏறுகிறது. அந்த நூறாண்டு 1863 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த லிங்கனின் விடுதலைப் பிரகடனத்திலிருந்து கணக்கு. பேச்சின் இரண்டாவது வாக்கியமே லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரையின் தொடக்கத்தைக் காதில் கொண்டுவரும்படி அமைந்தது. பின்னால் உட்கார்ந்திருப்பது லிங்கனின் சிலை.

இனி உங்கள் தோழி சொன்னது. அவர் சொல்வது பெரும்பாலும் உண்மை. அன்றைய எழுத்துப் பிரதியில் கனவு இல்லை. முந்தின இரவு விடுதியில் ஆலோசனை நடந்தபோது, கனவைப் பற்றிப் பேச வேண்டாம், பலமுறை சொல்லிப் புளித்துப்போனது என்று உதவியாளர் வாயட் வாக்கர் சொன்னதாகப் பதிவு உண்டு. மறுநாள் பேச்சு முடியப்போகிற கட்டத்தில், பக்கத்தில் இருந்த பாடகி மஹாலியா ஜாக்சன், ‘அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்கள், மார்ட்டின்’ என்று குரல் கொடுத்தார். கிங் தாளை ஒதுக்கினார்.

இதிலிருந்து ‘வாய்க்கு வந்தது’ என்ற முடிவுக்குப் போகக் கூடாது. வாக்கரின் எச்சரிக்கையிலேயே விடை இருக்கிறது. கனவு அவருக்குப் பலமுறை பழகியது. 1962 நவம்பரில் வட கரோலினாவின் ராக்கி மௌன்டில் சொன்னார். 1963 ஜூன் 23 அன்று டெட்ராய்டில் பெரிய கூட்டத்தில் சொன்னார். கச்சேரியில் வித்வான் ஆலாபனையை எழுதி வைத்துக்கொண்டு பாடுவதில்லை. ஆனால் ஒவ்வொரு பிடியும் எத்தனையோ வருஷச் சாதகத்தில் கைவந்தது. போதகர்களின் கலையும் அப்படிப்பட்டது. வேதவசனம், பழைய ஆன்மிகப் பாடல், நாட்டுப்பாடல், பிற போதகர்களின் சொல்லாட்சி எல்லாம் அவர்களுக்குப் பொதுச்சொத்து. ‘விடுதலை ஒலிக்கட்டும்’ என்று மலை மலையாக அடுக்கும் முறையை ஆர்ச்சிபால்ட் கேரி என்ற போதகர் 1952இல் குடியரசுக் கட்சி மாநாட்டில் கையாண்டிருந்தார். அதை எடுத்து எந்த மலைகளை எந்த வரிசையில் வைப்பது என்பதில்தான் கிங்கின் கை தெரிகிறது.

ஆகவே அந்தப் பகுதியிலும் தேர்வு இருக்கிறது, அதை ஆராயலாம். ஒன்று மட்டும் காட்டுகிறேன். அலபாமாவைச் சொல்லும்போது அதன் ஆளுநர் ஜார்ஜ் வாலஸின் பெயரை அவர் சொல்லவில்லை. அந்த ஜூன் மாதம்தான் வாலஸ் கறுப்பின மாணவர்கள் நுழையாதபடி பல்கலைக்கழக வாசலில் நின்றார். கிங் அவரை உதடுகளாக மட்டும் காட்டுகிறார். மத்தியச் சட்டத்தைத் தடுப்போம், செல்லாதாக்குவோம் என்ற சட்டச்சொற்கள் ஒழுகும் உதடுகள். அந்த மனிதருக்கு முகம் இல்லை, கை இல்லை. அதே வாக்கியத்தில் சின்னஞ்சிறு கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் கை கோக்கிறார்கள். உதடுகளுக்கு எதிரே கைகள். இதை எழுத்துப் பிரதி இல்லாமல் ஒருவர் நின்ற இடத்தில் அமைத்தார் என்றால், ஆராய இன்னும் அதிகம் இருக்கிறது.

பதினெட்டு நாள் கழித்து, செப்டம்பர் 15 அன்று, அதே அலபாமாவின் பர்மிங்ஹாமில் 16ஆவது தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். குடிமை உரிமைகள் சட்டம் 1964 ஜூலை 2 அன்றும் வாக்குரிமைச் சட்டம் 1965 ஆகஸ்ட் 6 அன்றும் வந்தன. ‘இந்த உரையால்தான் சட்டம் வந்தது’ என்று மட்டும் கட்டுரையில் எழுதிவிடாதீர்கள். சிறைக்குப் போனவர்களையும் அடிபட்டவர்களையும் அந்த வாக்கியம் அழித்துவிடும்.

எழுதும்போது எல்லா அணியையும் தொட வேண்டாம். காசோலை, திருப்திப் பத்தி, மலைகள் ஆகிய மூன்று இடங்கள் போதும். காசோலைக்குப் பாதிக் கட்டுரையைக் கொடுத்தாலும் தவறில்லை. அட்டவணையை முழுவதுமாக எடுத்துவிடுங்கள், அணிகளின் இலக்கணத்தையும்தான். ஆசிரியருக்கு அது தெரியும். அணியின் பெயரை வாக்கியத்தின் நடுவில் போகிறபோக்கில் சொன்னால் போதும். எழுத உட்காரும் முன் பதினேழு நிமிட ஒலிப்பதிவை அச்சுப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு இருமுறை கேளுங்கள், கூட்டம் குரல் கொடுக்கும் இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். மஹாலியாவின் குரலுக்குப் பிறகு கிங்கின் வேகம் மாறுகிற இடம் உங்கள் காதுக்கே பிடிபடும்.

முதல் வரைவு முடிந்ததும் எனக்கு ஒரு படி அனுப்புங்கள். சமர்ப்பிக்கும் முன் படித்துச் சொல்கிறேன்.